16 வந்தாச்சாம், எனக்கு 15கூட வரலையே!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, போனுக்கு அப்டேட் வரவில்லை என்ற புலம்பல். மீதிப் பாதி, அப்டேட் ஏன் இப்படி ஓயாமல் வருகிறது என்ற புலம்பல். இரண்டு கட்சிக்கும் இதே பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டேன். சண்டை போடாமல் படியுங்கள்.

கேள்வி: சார், என் போனில் இன்னும் ஆண்ட்ராய்டு 14தான் இருக்கிறது. என்னோடு படிக்கும் தோழி 16 வைத்திருக்கிறாள். இத்தனைக்கும் என் போன் அவளுடையதைவிடப் புதிது. கூகுள்தான் எப்போதோ வெளியிட்டுவிட்டதே, அதை எடுத்துப் போனில் போட்டுத் தர இவர்களுக்கு என்ன கேடு? கேட்டால் ‘விரைவில்’ என்றே ஒரு வருடமாகப் பதில் வருகிறது.
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! இந்தக் கோயிலில் பூசாரிகள் மூன்று பேர்.

முதலாமவர் சிப் தயாரிப்பவர். கூகுள் வெளியிடுவது மூல நிரலை, அதாவது மென்பொருளின் எழுதிய வடிவத்தை மட்டும்தான். அது உங்கள் போனில் இருக்கும் கேமராவோடும், நெட்வொர்க்கோடு பேசும் மோடத்தோடும் ஒத்துப்போக வேண்டுமானால், அந்தப் பாகங்களை இயக்கும் டிரைவர்கள் என்ற சிறு நிரல்கள் வேண்டும். அவற்றைத் தர வேண்டியவர் சிப் கம்பெனிக்காரர். அவர் கையை விரித்துவிட்டால் போன் கம்பெனி ஆசைப்பட்டாலும் கதை அவ்வளவுதான். 2016இல் சோனி தன் எக்ஸ்பீரியா இசட்3 போனுக்கு ஆண்ட்ராய்டு 7இன் முன்னோட்டப் பதிப்பைக் கொடுத்து ஆசை காட்டியது. இறுதிப் பதிப்பு அந்தப் போனுக்கு வரவே இல்லை. அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு 7க்கான ஆதரவு கிடைக்காததுதான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

இரண்டாமவர் போன் கம்பெனி. ஆண்ட்ராய்டை அப்படியே கொடுத்தால் கௌரவக் குறைச்சல் என்று தன் சொந்தத் தோற்றம், தன் கேலரி, தன் கேமரா ஆப், யாரும் கேட்காத ஒரு தீம் கடை என்று எல்லாவற்றையும் அதன் மேல் போர்த்தி வைத்திருக்கிறார். அடியில் இருப்பது மாறினால், போர்த்தியதை முழுக்கப் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும். மூன்றாமவர் செல்போன் சேவை நிறுவனம். பல நாடுகளில் அவர் தன் நெட்வொர்க்கில் சோதித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் அப்டேட் வெளியே வரும்.

நான் சில ஆண்டுகள் ஒரு போன் கம்பெனியின் சோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அங்கே ஒருமுறை எல்லாம் தயாராகி, வெளியிட வேண்டிய வாரத்தில், குறிப்பிட்ட ஒரு நெட்வொர்க்கின் சிம்மைப் போட்டால் மட்டும் அழைப்பு வரும்போது மணி அடிக்கவில்லை. மற்ற சிம்களில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் மொத்த அப்டேட்டும் நின்றது. மோடம் டிரைவரில் தவறு என்று சிப் கம்பெனிக்கு எழுதினோம். உங்கள் பக்கம்தான் தவறு என்று அவர்கள் திருப்பி எழுதினார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து முடிந்து திருத்தம் வந்ததும், முன்பு தேறிய சோதனைகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடையும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் தூங்குவதாகத்தான் தெரிந்திருக்கும்.

வேறு யாருடைய தயவும் அதிகம் தேவைப்படாத கூகுளையே பாருங்கள். ஆண்ட்ராய்டு 15இன் மூல நிரலை 2024 செப்டம்பர் 3 அன்று வெளியிட்டது. தன் சொந்த பிக்சல் போன்களுக்குக் கொடுத்தது அக்டோபர் 15 அன்று. சொந்த வீட்டுக்கே ஆறு வாரம்!

முன்பு நிலைமை இன்னும் மோசம். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ‘புராஜெக்ட் டிரெபிள்’ என்ற ஏற்பாட்டில், சிப்புக்கான அடுக்கையும் ஆண்ட்ராய்டின் அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். மேலடுக்கை மாற்ற ஒவ்வொரு முறையும் கீழடுக்கைக் கிளற வேண்டியதில்லை என்று ஆனது. முதல் பூசாரியின் பிடி அதனால் தளர்ந்தது உண்மை. போர்வை விஷயத்தில் மட்டும் டிரெபிளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சோம்பேறித்தனம் இல்லவே இல்லையா என்றால், அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கணக்கு. விற்றுமுடித்த போனுக்கு வேலை பார்ப்பதால் கம்பெனிக்கு நேரடி வருமானம் கிடையாது. அதனால் நல்ல ஆட்களெல்லாம் அடுத்து வரப்போகும் மாடலுக்குப் போவார்கள். இருக்கிற ஆட்களிலும் விலை உயர்ந்த மாடல்களுக்குத்தான் முதல் கவனிப்பு. உங்கள் தோழியின் போன் பழையதாக இருந்தாலும் அந்தக் கம்பெனியின் தலைமகனாக இருக்கும். உங்களுடையது கூட்டத்தில் ஒன்று. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி தெரியும். அது ஓரிரு மாதங்களுக்கு முந்தையதாக இருந்தால், 14 என்ற எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் தேர்வுக்குப் படிக்கலாம். ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால் கம்பெனிக்குக் காரமாகவே எழுதுங்கள். எண்ணைக் கேட்காதீர்கள், அந்தத் தேதியைக் கேளுங்கள்.

கேள்வி: ‘அப்டேட்டைச் சரிபார்’ பட்டனை அடிக்கடி அழுத்தினால் சீக்கிரம் வருமா?
– பொறுமையிழந்த வாசகர்

பதில்: விரல்தான் தேயும். புதிய பதிப்பை முதலில் ஒரு சிறு பகுதியினருக்குக் கொடுத்து, ரகளை ஏதும் இல்லையென்றால்தான் மற்றவர்களுக்குத் திறப்பார்கள். சில போன்களில் கையால் தேடினால் வரிசையைத் தாண்டிக் கிடைப்பதுண்டு. ஆனால் அதற்கு ஒருமுறை அழுத்தினால் போதும்.

கேள்வி: தம்பி, எனக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. கொஞ்சம் பழகுவதற்குள் எல்லாம் மாறிவிடுகிறது. ஒரு நாள் காலையில் மகளிடமிருந்து போன் வருகிறது, எடுக்கத் தெரியவில்லை. மேலே தள்ளித்தான் எடுப்பேன், இப்போது பக்கவாட்டில் தள்ளச் சொல்கிறது. சிஸ்டம் அப்டேட்டை நான் தொடவே இல்லை. பிறகு எப்படி மாறியது? யார் கேட்டார்கள் இதையெல்லாம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

பதில்: அம்மா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, நீங்கள் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் கூகுள் தன் போன் ஆப்பின் தோற்றத்தை மாற்றியது. அது ஆண்ட்ராய்டின் அப்டேட்டே அல்ல, அந்த ஒரு ஆப்பின் அப்டேட். ஆப்கள் தம்பாட்டுக்குப் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் போனில் இருப்பதும் அதே ஆப்பாக இருந்தால், அதன் செட்டிங்ஸில் உள்வரும் அழைப்பை எப்படி எடுப்பது என்ற இடத்தைத் தேடுங்கள். தள்ளுவதற்குப் பதிலாக வெறுமனே தொட்டு எடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம். இதை மகளிடம் ஒருமுறை சொல்லி மாற்றிவிடுங்கள்.

ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று கேட்டீர்கள். ஆரம்பத்தில் ஓடியதற்குக் காரணம் இருந்தது. 2009ஆம் ஆண்டில் மட்டும் ஆண்ட்ராய்டில் 1.1, 1.5, 1.6, 2.0 என்று வரிசையாக வந்தன. 1.5 வரும்வரை திரையில் கீபோர்டுகூடக் கிடையாது. அப்போது ஒவ்வொரு பதிப்பிலும் இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது. இப்போது போன் முதிர்ந்த பொருள். சேர்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லாதபோதும் மேடை போட்டாகிவிட்டதே, எதையாவது காட்ட வேண்டும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் புதுப் பதிப்புக்குச் செப்டம்பர் என்பது எழுதப்படாத சட்டம். 2025இல் அது 18இலிருந்து நேராக 26க்குத் தாவியது, ஆண்டை ஒட்டி எண் வைக்கிறார்களாம். ஆண்ட்ராய்டு 16 வழக்கத்துக்கு முன்பாகவே 2025 ஜூனில் வந்துவிட்டது, அந்த ஆண்டின் புது போன்களோடு சேர்ந்து அதுவும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அதாவது நாள் குறித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குகிறார்கள். பட்டன்களை உருட்டையாக்குவது, வண்ணத்தை மாற்றுவது, இருந்த இடத்திலிருந்து நகர்த்துவது எல்லாம் இப்படித்தான் வருகின்றன. கைகள் பழகிய பட்டனைக் காரணமில்லாமல் இடம் மாற்றுகிறவர்களை மன்னிக்க நான் தயாராக இல்லை.

ஆனால் மாதாமாதம் வருகிற சின்ன அப்டேட்டைத் திட்டாதீர்கள், அது வேறு ஜாதி. 2015 ஜூலையில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்றொரு ஓட்டை தெரியவந்தது. ஒரு எம்எம்எஸ் வீடியோ வந்து விழுந்தாலே போதும், திறந்துகூடப் பார்க்காமல் போன் பறிபோகலாம் என்ற நிலை. அதற்குப் பிறகு, அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதம் தவறாமல் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எண் மாறுகிற பெரிய அப்டேட் வந்தால் மட்டும் ஒரு மாதம் ஆறப்போடுங்கள். முதல் திருத்தம் வந்த பிறகு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கேள்வி: அப்டேட் செய்தால் போன் வேண்டுமென்றே மெதுவாக்கப்படுகிறது என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறான். நான் இல்லை என்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகர்

பதில்: அண்ணன் காற்றில் பேசவில்லை. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. அந்த விளக்கம் தொழில்நுட்பரீதியாகச் சரிதான். சொல்லாமல் செய்ததுதான் கோளாறு. புதிய பேட்டரி போட்டால் வேகம் திரும்பும் என்பது தெரியாமல் எத்தனை பேர் போனையே மாற்றியிருப்பார்கள்!

மற்றபடி, பெரிய அப்டேட் முடிந்த ஓரிரு நாள் போன் சுடும், தடுமாறும். உள்ளே கோப்புகளையும் ஆப்களையும் மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சேமிப்பிடம் நிரம்பி வழிந்தாலும் இதே கதிதான். சரி, அவசரமாக வெளியிடுகிற தவறுகளும் நடக்கின்றன. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 போட்டவர்களில் பலருக்கு, அப்போது புதிதாக வந்திருந்த ஐபோன் 6இல் சிக்னலே காணாமல் போனது. சில மணி நேரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார்கள். முந்தின கேள்வியில் ஒரு மாதம் ஆறப்போடச் சொன்னது இதற்காகவும்தான். பழைய பதிப்புக்குத் திரும்புவதைப் பெரும்பாலான போன்கள் எளிதில் அனுமதிப்பதில்லை.

கேள்வி: என் போனுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். பேட்டரி நன்றாக நிற்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா? அடுத்ததாவது ஏமாறாமல் வாங்க என்ன கேட்க வேண்டும்?
– குடும்பத் தலைவி

பதில்: உடனே தூக்கிப் போட வேண்டாம். ஆப்கள் இன்னும் சில ஆண்டுகள் புதுப்பிக்கப்படும். ஆண்ட்ராய்டு 10 முதல், சிஸ்டத்தின் சில பகுதிகளை கூகுள் பிளே வழியாகவே திருத்தும் வசதியும் இருக்கிறது, அது கம்பெனிக்காகக் காத்திருப்பதில்லை. பாட்டு, படம், பிள்ளைகளின் பாடம் இவற்றுக்கு அந்தப் போன் தாராளமாக உழைக்கும். வங்கி, பணப் பரிமாற்றம் ஆகியவற்றை மட்டும் வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது ‘எத்தனை வெர்ஷன் தருவீர்கள்’ என்று கேட்பது போதாது. எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள், மாதத்துக்கு ஒன்றா, மூன்று மாதத்துக்கு ஒன்றா என்று கேளுங்கள். 2023இல் பிக்சல் 8க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு ஆண்டு தருவதாக அறிவித்தன. இந்த ஏழு, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிஞ்சுவது ஐந்து.

வாய் வாக்குறுதியை நம்பித்தான் ஒருமுறை கெட்டோம். 2011இல் கூகுள் பெரிய கம்பெனிகளையெல்லாம் கூட்டணி சேர்த்து, புது போன்களுக்கு 18 மாதம் அப்டேட் நிச்சயம் என்று அறிவித்தது. கொஞ்ச நாளில் அந்தக் கூட்டணியைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. அதனால்தான் சட்டமாக வருவதில் எனக்கு நம்பிக்கை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில், அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து அப்டேட்டுகளுக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தத்துக்கு நான்கு மாதம், புதிய வசதிகளுக்கு ஆறு மாதம் என்று தாமதத்துக்கும் வரம்பு போட்டிருக்கிறார்கள். நான்கு மாதம் என்பது என் கணக்கில் ரொம்பத் தாராளம். ஆனாலும் ‘விரைவில்’ என்பதற்கு முதல்முறையாக யாரோ ஒரு எல்லை கட்டியிருக்கிறார்கள்.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கு, மேலே நான் திட்டிய ஆப்பிளையே உதாரணம் காட்ட வேண்டியிருக்கிறது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது.

கேள்வி: எல்லாருக்கும் முன்னால் பார்க்க ஆசை. பீட்டா எனும் சோதனைப் பதிப்பைப் போடலாமா?
– பள்ளி மாணவர்

பதில்: உங்களிடம் இரண்டாவது போன் இருந்தால் போடுங்கள். பீட்டாவிலிருந்து இடையில் பழைய பதிப்புக்குத் திரும்பினால் பொதுவாகப் போனில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், அதனால் படங்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். அப்பாவின் போனில் போடாதீர்கள்.