கையால் செய்த மர நகைப்பெட்டிக்கு எண்ணெய் பூசி மூன்று வாரமாகியும் உள்ளே பிசுபிசுப்பும் வாடையும் போகவில்லை. என்ன செய்யலாம்?

உள்ளேயும் பூசிவிட்டீர்கள், இல்லையா? பூசிய கையோடு மூடியும் வைத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

நான் ஆசாரி இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். பத்துப் பன்னிரண்டு பெட்டி செய்திருப்பேன், அவ்வளவுதான். தொழில் தெரிந்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். 'எங்கள் பாட்டி தேங்காயெண்ணெய்தான் பூசுவாள்' என்று வருகிறவர்களோடு மட்டும் எனக்குப் பேச்சில்லை. தேங்காயெண்ணெய் எத்தனை வருஷமானாலும் காயாது, மரத்தில் கிடந்து காறிப்போகும்.

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கம்மை வைத்திருந்த மாதிரி ஓர் ஆமாடப்பெட்டி, அதாவது நகைப்பெட்டி, செய்து கொடுக்க ஆசை. முன்பு ஒரு பதிலில் இந்தச் சொல்லை எழுதியதற்கு, 'மலையாளியாக இருந்தும் தமிழ் நன்றாக எழுதுகிறீர்களே' என்று ஒருவர் பாராட்டினார். ஐயா, தமிழ்நாட்டோடுதான் சேருவோம் என்று நின்றதற்காக 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. இத்தனைக்குப் பிறகும் திருநெல்வேலி தாண்டினால் என்னைச் 'சேட்டா' என்கிறார்கள். சரி, விடுங்கள். பெட்டிக்கு வருகிறேன்.

பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பலா ஜன்னல் கட்டை. மேலே கறுத்துக் கிடந்தது, இழைப்புளி போட்டதும் உள்ளே மஞ்சள். தலச்சேரி நெட்டூர்ப் பெட்டி மாதிரி நாலு பக்கமும் சரிந்த மூடி வைக்கப் பார்த்து இரண்டு பலகையைப் பாழாக்கினேன். மூலை சேரவே இல்லை. கடைசியில் தட்டை மூடிதான்.

ஆடி மழை நேரம். கடையில் பச்சை லின்சீட் எண்ணெய்தான், அதாவது காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய்தான், இருந்தது. நிறையக் குடித்தால் நிறைய மினுங்கும் என்று நினைத்து, துணியை முக்கி உள்ளும் புறமும் குளிப்பாட்டினேன். துடைக்கவில்லை. நாலாம் நாளும் விரல் வைத்தால் ரேகை பதிந்தது. நாள் நெருங்கியதால் அதன்மேலேயே வெல்வெட்டை ஒட்டி மூடிவிட்டேன்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது என்ன மக்களே, வள்ளத்துக்குப் பூசுன மத்தி எண்ணெயா?" என்றார். அக்கா ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கிப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் புடவையிலும் அதே வாடை.

லின்சீட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக் கெட்டிப்படுகிறது. மூடிய பெட்டிக்குள் அதற்குக் காற்று ஏது? பச்சை எண்ணெயும் மழைக்காலமும் சேர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

வெல்வெட் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கிழித்தெடுங்கள். டர்பன்டைன் நனைத்த துணியால் உள்பக்கத்தைத் துடையுங்கள், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை. பிறகு காற்றோட்டமான இடத்தில் திறந்தே கிடக்கட்டும். நான் பித்தளைக் கீலையே கழற்றிவிட்டு மச்சில் ஐந்து வாரம் போட்டு வைத்தேன். வாடை அடங்கியதும் உள்ளே அரக்குப் பாலிஷ் (ஷெல்லாக்) இரண்டு கை பூசுங்கள். அதிலிருக்கிற ஸ்பிரிட் பறந்ததும் காய்ந்துவிடும், மிச்சமிருக்கிற வாடையையும் அடைத்துவிடும். இனி செய்கிற பெட்டிக்கு உள்ளே எண்ணெயே வேண்டாம், அரக்குதான்.

வெளியே எண்ணெய் பூசலாம், அழகாகவும் இருக்கும். 320 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்துவிட்டு, சீக்கிரம் காய்கிற டபுள் பாயில்டு லின்சீட்டில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசி, கால்மணி நேரத்தில் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த கை. நாலு கை போதும். மேலே தேன்மெழுகு. மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கிறவர்களிடம் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். நான் பிளாஸ்டிக் வாளியில் திணித்து வைத்ததை ராத்திரி கையில் எடுத்தேன், அப்போதுதான் இறக்கிய இட்லித்துணி மாதிரி சுட்டது. தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

என்ன எண்ணெய் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அடுப்படி எண்ணெய் என்றால் டர்பன்டைனோடு முடியாது. உள்பக்கத்தை அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.