பழைய கேட்டமரான் வாங்கும் முன், விற்பவரையே கட்டிக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து ஹோபி 16 என்ற 16 அடி கேட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றை வாங்கப் பார்க்கிறோம். இருபது வருடப் பழசு. பாய்மரம், பாய், கயிறு எல்லாம் பிரித்துப்போட்டுக் கிடக்கிறது. "எல்லா சாமானும் இருக்கிறது, நீங்களே கட்டிக்கொள்ளலாம், முன்பணம் கொடுங்கள்" என்கிறார் விற்பவர். எங்கள் இருவருக்குமே பாய்ப்படகு ஓட்டிப் பழக்கமில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். "நாங்கள் வருகிற அன்று பாய்மரத்தை நிமிர்த்தி, பாய் ஏற்றி, முழுசாகக் கட்டிக் காட்டுங்கள்" என்று முதலில் கேளுங்கள். பிரித்துக் கிடக்கும் படகில் எது குறைகிறது என்று புதியவருக்குத் தெரியாது. ஒரு பின்னோ கப்பியோ, பாய்க்குள் செருகும் ஒரு பத்தையோ இல்லாவிட்டால் கட்டும்போது தானாகத் தெரிந்துவிடும். உங்கள் இருவருக்கும் அதுதான் முதல் பாடமும்கூட. தம்பியிடம் போனைக் கொடுத்து, கட்டுவதையும் கழற்றுவதையும் முழுக்க வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து நீங்கள் தனியாகக் கட்டும்போது அதன் அருமை தெரியும். "அதற்கெல்லாம் நேரமில்லை" என்று சொல்கிறவரிடம் நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

கட்டத் தொடங்கும் முன் இரண்டு ஹல்களையும், அதாவது மிதக்கும் உடல்களையும், நிதானமாகப் பாருங்கள். படகின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நிறம் மங்கியிருப்பதையும் மேலோட்டமான கீறலையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை ஹல்லில் இரண்டு ஃபைபர் கிளாஸ் தோல்களுக்கு நடுவே நுரை இருக்கும். வருடக்கணக்கில் அலை அடித்து, வெயில் ஏறி, அந்தத் தோல் நுரையை விட்டுப் பிரியும். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைத் தாங்கும் குட்டைத் தூண்கள் ஹல்லில் இறங்கும் இடத்தையும், அதற்கு முன்னால் உள்ள மேல்தளத்தையும் கட்டைவிரலால் விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல இடம் அசையாது. கெட்ட இடம் தகர டப்பா மூடி போல அமுங்கி மேலே வரும். நாணயத்தால் தட்டினாலும் தெரியும்: உறுதியான இடத்தில் 'டக்' என்று கேட்பது, பிரிந்த இடத்தில் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். சிறிய இடம் என்றால் துளையிட்டு எபோக்சி பசை செலுத்திச் சரிசெய்யலாம். தூண்களைச் சுற்றிப் பரவலாக அமுங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஹல்லின் அடிப்பக்கம். இந்தப் படகுக்குக் கீழே தனிப் பலகை கிடையாது. ஹல்லையே மணலில் இழுத்து இழுத்து அடி தேய்ந்திருக்கும். நார் வெளியே தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். பின்பக்க வடிகால் அடைப்பைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்பதையும் பாருங்கள். ஒழுகுவதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஹல்லின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, காற்றுத் துளை இருந்தால் விரலால் அடைத்துக்கொண்டு, வடிகால் துளை வழியாக வாயால் மெதுவாக ஊதுங்கள். குமிழி வரும் இடத்தில் ஒழுக்கு இருக்கிறது. காற்றடிக்கும் மெஷினை மட்டும் வைத்துவிடாதீர்கள், இணைப்பே பிளந்துவிடும்.

கம்பிகளில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாய்மரம் நிற்பது முன்னால் ஒரு கம்பி, பக்கத்துக்கு ஒரு கம்பி என மூன்றின் பலத்தில். ஒன்று அறுந்தால் முழு மரமும் உங்கள் மேல் சாயும். பழைய துணி ஒன்றைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே உருவுங்கள். நூல் சிக்கினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. நான் வாங்கிய முதல் படகில் கம்பி பளபளவென்று இருந்தது. முனையில் அது குழாய்க்குள் நுழையும் இடத்தில் மட்டும் மெல்லிய துரு. கையால் வளைத்ததும் இரண்டு இழை நிமிர்ந்துகொண்டு வந்தது. கம்பி எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், புதுக் கம்பிக்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சுக்கானில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சின்னப் பாகங்களை மாற்றினால் போதும். பாயின் தையல் நூலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெயிலில் நைந்த நூல் உடனே அறுந்துவிடும்.

ஹல்லின் பின்முனையில் பொறித்திருக்கும் எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: பாய்மரத்தை நிமிர்த்த எத்தனை பேர் வேண்டும்? பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டு பேர் போதும். மூன்று பேர் இருந்தால் நிம்மதி. ஆனால் தூக்குவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். மரம் சுமார் 8 மீட்டர் உயரம், அலுமினியம். மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 1980-களில் ஹோபி 16-இன் பாய்மர உச்சியை மின்சாரம் பாயாத பொருளுக்கு மாற்றினார்கள். உங்கள் உச்சி அந்த வகையாக இருந்தாலும் மின்கம்பி உள்ள பக்கமே போகாதீர்கள். கட்டிய படகைக் கரையில் தள்ளிக்கொண்டு போகும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பக்கக் கம்பிகளை முதலில் மாட்டி, மரத்தின் அடியை அதன் குழியில் பூட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் டிராம்போலின் (ஹல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம்) மேல் நின்று தூக்க, மற்றவர் முன்கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். முன்கம்பியின் முனையில் பூட்டு ஊசியைப் (pin) போட்டு வளையம் மாட்டும்வரை இருவரும் கையை எடுக்கக்கூடாது. பாய் ஏற்றும்போது அணியம் (படகின் முன்முனை) காற்றை நேராகப் பார்த்திருக்கட்டும். கிளம்பும் முன் வடிகால் அடைப்பை இறுக்கினீர்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். மறப்பது அதைத்தான்.

கேள்வி: பழகும்போது காற்றுக்கு எதிராகத் திரும்பவே வரவில்லை, பாதியில் நின்றுவிடும் என்கிறார்களே? கவிழ்ந்தால் நிமிர்த்த முடியுமா?

பதில்: கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இது இரண்டு மெல்லிய ஹல்கள் தள்ளித் தள்ளி நிற்பது. எடையும் குறைவு. அதனால் வேகம் குறைந்துவிட்டால் திரும்பாது. நல்ல வேகத்தோடு போய், சுக்கானை வெடுக்கென்று திருப்பாமல் சீராகத் திருப்புங்கள். முன்பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை அவசரப்பட்டு விடாதீர்கள். முன்பாயின் மறுபக்கத்தில் காற்று பட்டு அணியத்தைத் தள்ளிய பிறகு விடுங்கள். அந்த நேரத்தில் பெரிய பாயையும் சற்றுத் தளர்த்துங்கள். நின்றுவிட்டால் படகு பின்னோக்கி நகரும். அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய பாயின் கயிற்றை எப்போதும் கையிலேயே வைத்திருங்கள். பயம் வந்தால் விட்டுவிடுங்கள், படகு நின்றுவிடும். பலத்த காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது இருவரும் பின்பக்கம் நகருங்கள். இல்லாவிட்டால் அணியம் தண்ணீருக்குள் குத்திப் படகு முன்பக்கமாகப் புரளும்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். அணியத்தைக் காற்றின் பக்கம் திருப்பி, கீழ் ஹல்லில் ஏறி நின்று, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். ஹோபி 16-க்கு ஏறக்குறைய 135 கிலோ எடை தேவைப்படும். உங்கள் இருவரின் எடை அதற்குக் குறைவு என்றால், தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டிச் சாயும் பை ஒன்றையும் படகோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். காற்று குறைவான ஒரு நாளில், கரைக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். இடுப்பளவு ஆழம் போதாது, பாய்மர உச்சி மணலில் குத்திவிடும்.