புல்மேட்டில் மரம் நடலாமா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் நண்பர்களோடு நீலகிரியில் அவலாஞ்சி போயிருந்தேன். எங்கு பார்த்தாலும் மொட்டைக் குன்றுகள். ஓரிடத்தில் நன்றாக வளர்ந்த சீகை மரங்களைக்கூட வெட்டிப் போட்டிருந்தார்கள். மழைக்கு முன் 1,000 சோலை மரக்கன்றுகளை அந்தக் குன்றுகளில் நடலாம் என்றிருக்கிறோம். வரையாட்டுக்கும் நிழல் கிடைக்குமே?

ம., கோவை

அன்புள்ள ம.,

நட வேண்டாம். அந்தக் குன்றுகள் மொட்டை இல்லை, புல்வெளி. நீலகிரியின் உச்சியில் சோலை (அடர்ந்த மலைக்காடு) மலை மடிப்புகளில் இருக்கும், சரிவெல்லாம் புல்தான். காலங்காலமாக அப்படித்தான்.

ஒரு ஜனவரி விடியலில் அந்தப் பக்கம் நடந்தேன். உறைபனி விழுந்த புல் காலடியில் நொறுநொறுவென்றது. அப்படியே பள்ளத்துச் சோலைக்குள் இறங்கினால் பனித்துகள் ஒன்றுகூட இல்லை. மழையே இல்லாத நாள், ஆனாலும் மேலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் அப்பியிருந்த பாசியை விரலால் அழுத்தினேன், மணிக்கட்டு வரை தண்ணீர் வழிந்தது. மேகம் இலையிலும் பாசியிலும் பட்டு நீராகி இறங்குகிறது. அந்த நிழலில் முளைக்கும் கன்றைத் திறந்த புல்மேட்டில் வைத்தால் முதல் உறைபனியிலேயே கருகிவிடும்.

வரையாடு புல் மேய்வது. சிறுத்தையோ செந்நாயோ தெரிந்தால் பாறைக்குத் தாவும்; அதற்குக் கண்ணுக்கெட்டும் வெளி வேண்டும். நிழலை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, மறு ஆண்டு 1,303. கூடியிருப்பது சந்தோஷம்தான். ஆனாலும் நம் மாநில விலங்கு நம் மாநிலத்தில் மொத்தமே இவ்வளவுதான் என்பதையும் பாருங்கள்.

சீகை (வாட்டில்) ஆஸ்திரேலிய மரம், வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. தோல் பதனிட அதன் பட்டை வேண்டியிருந்ததால் பிறகு நம்மவர்களும் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். அப்போதும் புல்வெளியைத் தரிசு என்றுதான் சொன்னார்கள். (உங்கள் ‘மொட்டை’யைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது, கோபிக்காதீர்கள்.) சீகையின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் நாற்றங்கால் போல முளைக்கும்.

அதற்காக எல்லாச் சீகையையும் ஒரே மூச்சில் வெட்டச் சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. சோலை ஓரத்தில் இருக்கும் சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் பனிக்குத் தப்பி எழுந்து வருகின்றன. அங்கே கொஞ்சம் பொறுக்கலாம்.

சரி, கன்றுகளை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் கூட்டி வாருங்கள். மழையில் மண் இளகியதும் சீகை நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். முதலில் வனத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம், அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள்.