ஊசித்துளை கேமராவில் துளையை இன்னும் சின்னதாக்கினால் படம் தெளிவாகுமா, இல்லை லென்ஸ்தான் வைக்க வேண்டுமா?

ஓரளவு வரைக்கும்தான் தெளிவாகும். அதற்கு மேல் சின்னதாக்கினால் படம் மறுபடி கலங்கும். நீங்களும் அட்டைப்பெட்டி, டிரேசிங் பேப்பர், ஊசி என்று உட்கார்ந்திருப்பீர்கள் என வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு நான் செய்த பெட்டியில் துளைக்கும் பேப்பருக்கும் நடுவே 10 செ.மீ. துளை சிறுத்தால் படம் கூர்மையாகும் என்று படித்ததை நம்பி, ஒரு வாரம் ஊசி மாற்றி ஊசியாக அலுமினியத் தகட்டில் குத்திப் பார்த்தேன். முதலில் தெளிந்தது. அப்புறம் இருட்டியது, கூடவே மங்கியது. என் கை சரியில்லை என்று அழுதிருக்கிறேன். கையில் குறையே இல்லை. ஒளி ஓர் அலை. துளை மிகவும் சிறுத்தால் நுழைந்ததும் விரிந்து பரவிவிடும். விளிம்பு விளைவு என்பது இதுதான். 10 செ.மீ. பெட்டிக்குச் சுமார் 0.4 மி.மீ. துளை போதும். சூத்திரத்துக்குச் சூத்திரம் இது கொஞ்சம் மாறும், தெரியும். கையால் குத்தும் துளையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கண்காட்சியில் நடுவர் "லென்ஸ் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். பரிசு ஒரு தெர்மாகோல் எரிமலைக்குப் போனது. அதைச் செய்தது யார் என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்விகூட இல்லை. பெற்றோர் செய்து தருவதற்குப் பரிசு கொடுக்கும் இந்தப் பழக்கம் எத்தனை பிள்ளைகளை ஒதுங்க வைத்திருக்கும்! இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, லென்ஸ். வீட்டுக்கு வந்து துளை இருந்த இடத்தில் 5 செ.மீ. அகலமுள்ள பூதக்கண்ணாடியைப் பொருத்தினேன். 0.4 மி.மீ. துளையைவிட 15,000 மடங்குக்கு மேல் ஒளி உள்ளே வரும். பேப்பரில் மரம் தலைகீழாக, இலையின் நிறத்தோடு நின்றது. ஆனால் பக்கத்தில் இருந்த நாற்காலி மங்கல். ஊசித்துளையில் கிட்டே, தூரம் என்ற பேதமே கிடையாது. லென்ஸ் ஒரு தூரத்தில் இருப்பதைத்தான் சரியாகக் குவிக்கும். குவியத் தூரம் 10 செ.மீ. என்றால், தூரத்து மரத்துக்குப் பேப்பர் 10 செ.மீ.யில் இருக்க வேண்டும், 1 மீட்டரில் இருக்கும் நாற்காலிக்கு 11.1 செ.மீ.யில். அதனால் ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு பெட்டிகளாகச் செய்யுங்கள். ஓரங்கள் கலங்கினால், 1 செ.மீ. ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை லென்ஸ் முன்னால் வையுங்கள். வெளிச்சம் குறையும், படம் கூர்மையாகும்.

லென்ஸ் வைத்த பெட்டியைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், பேப்பர் பற்றிக்கொள்ளும்.