புழுவை எடுத்தது பிழையா?

அன்புள்ள அண்ணா,

புண்ணைத் துப்பரவாக்க மருத்துவர்கள் காயத்தில் விடும் மருத்துவப் புழுக்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 2009 இல் இறுதிப் போரின்போது மாத்தளனில் காயக்காரருக்கு மருந்து கட்ட உதவிக்கு நின்றவள் நான். இலையான் மொய்த்த காயங்களிலிருந்து புழுக்களை இடுக்கியால் எடுத்து எடுத்துப் போட்டோம். காயத்தை ஆற்றும் மரபணுக்கள் அவற்றில் இருக்கின்றன என்றால் நாங்கள் செய்தது பிழையா? இன்னொன்று. அம்மாவுக்குச் சீனி வருத்தம், குதிக்காலில் புண் ஆறாமல் கிடக்கிறது. புழு விட்டுப் பார்க்கலாமா?

வாசகி, முள்ளியவளை

அன்புள்ள தங்கச்சி,

பிழையில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதுக்குப் போகலாம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பேயரின் கதையை நீங்களும் எங்காவது வாசித்திருப்பீர்கள். 1917 இல் போர்முனையில் தொடையெலும்பு முறிந்து, வயிற்றிலும் காயப்பட்டு, ஏழு நாள் கவனிப்பாரற்றுக் கிடந்த இரண்டு சிப்பாய்களை அவரிடம் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இல்லை. புழுக்களைக் கழுவிவிட்டுப் பார்த்தால் அடியில் புதுத்தசை இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது. இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். பிறகு அமெரிக்காவில் அவரே நோயாளிகளுக்குப் புழு விட்டபோது சிலருக்கு ஏற்புவலி (டெட்டனஸ்) வந்ததையும், அதனால் முட்டைகளைக் கிருமி நீக்கி வளர்க்கத் தொடங்கியதையும் சொல்லமாட்டார்கள்.

மருத்துவத்துக்கு எடுப்பது லுசிலியா செரிக்காட்டா என்னும் பச்சை இலையானின் புழு. அது பெரும்பாலும் செத்த தசையைத்தான் தின்னும். மாத்தளனில் முட்டையிட்டது எந்த இலையான் என்று யார் பார்த்தார்கள்? பட்டி மாட்டின் காயத்தில் விழுந்து உயிர்த்தசையைத் துளைத்துக்கொண்டு போவதும் ஓர் இலையானின் புழுதான். அதற்குத்தானே கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து விடுகிறோம். வயிறு திறந்த காயத்திலும் பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலும், கிருமி நீக்கி வளர்த்த புழுவைக்கூட விடமாட்டார்கள். நீங்கள் எடுத்துப் போட்டது சரி.

இனி மரபணு. "ஆற்றும் மரபணு" என்று செய்திகளில் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. புழுவுக்கு எங்கள் காயத்தில் என்ன அக்கறை? அழுகலில் பிறந்து, அதே அழுகலுக்கு வந்த பக்றீரியாக்களோடு பந்தியில் முண்டியடித்து, சில நாளில் பெருத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் கிருமி தோய்த்த ஊசியால் புழுக்களைக் குத்தி, குத்தாத புழுக்களோடு ஒப்பிட்டு, எந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்யத் தொடங்குகின்றன என்று தேடினார்கள். அது வெளியானது 2009 இல், நீங்கள் இடுக்கியோடு நின்ற அதே வருடம். அடுத்த வருடம் செக் நாட்டின் பிராக் நகர ஆய்வாளர்கள் இதே புழுவிலிருந்து லுசிபென்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் 40 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம்தான், ஆனால் சிலவகைப் பக்றீரியாக்களைக் கொல்லும். வேறு மரபணுக்கள் நொதியங்களுக்கானவை. புழு மெல்லுவதில்லை. நொதியத்தை வெளியே உமிழ்ந்து, செத்த தசை கரைந்ததும் உறிஞ்சிக்கொள்ளும். காயம் துப்பரவாவது இதனால்தான்.

மரபணு எதுவென்று பிடிபட்டால், புழுவே இல்லாமல் அந்தப் புரதத்தை ஆய்வுகூடத்தில் செய்து மருந்தாக்கிப் பார்க்கலாம். இந்தத் தேடலில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

துப்பரவாவது வேறு, ஆறுவது வேறு. இங்கிலாந்தில் கால்புண் உள்ள 267 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவும் 2009 இல்தான் வந்தது. புழு, புண்ணில் பூசும் வழமையான ஜெல்லைவிட வேகமாகப் புண்ணைத் துப்பரவாக்கியது. ஆனால் புண் ஆற எடுத்த காலம் குறையவில்லை, வலியும் கூடுதலாக இருந்தது. 2016 இல் அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள் தசை வளரத் தூண்டும் மனிதப் புரதம் ஒன்றின் மரபணுவை இந்த இலையானுக்குள் புகுத்தி, அதன் புழுக்களையே அந்தப் புரதத்தைச் சுரக்க வைத்தார்கள். புழுவிடம் உள்ளதே போதுமென்றால் மனித மரபணுவை ஏன் கடன் கொடுக்க வேண்டும்?

அம்மாவுக்குப் புழு விட வேண்டாம். சீனி வருத்தக்காரரின் குதிக்கால் புண் ஆறாததற்குப் பெரும்பாலும், விறைத்த காலை வலி தெரியாமல் ஊன்றிக்கொண்டே இருப்பதும் இரத்த ஓட்டம் குறைவதும் காரணம். இரண்டுக்கும் புழுவிடம் மருந்தில்லை. கிளினிக்கில் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குதியை ஊன்ற விடாதீர்கள், வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கவும் விடாதீர்கள். கட்டு எப்போதும் மூடியிருக்கட்டும். விரல் கறுத்தாலோ, புண் மணத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.