கேரமல் பூசிய பழத்துண்டுகளை மூலிகை சேர்த்து வீட்டில் செய்வது எப்படி? பூச்சு ஏன் பிசுபிசுத்துப் போகிறது?

கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: ஆப்பிளையும் அன்னாசியையும் சீவி, துளசி போட்டுக் காய்ச்சிய பாகில் முக்கினால், ஒரு தடவை பாகு பூத்துப்போகிறது, அதாவது படிகம் கூடி மணல்மணலாகிவிடுகிறது. இன்னொரு தடவை பத்து நிமிடத்தில் பிசுபிசுத்து ஒழுகுகிறது. துளசி கருகிக் கசக்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடலாமா என்பது கடைசிக் கேள்வி.

பிசுபிசுத்து ஒழுகுவதற்கு மூல காரணம் தண்ணீர்தான். 150 டிகிரி செல்சியஸுக்கு வந்த பாகில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குத்தான் தண்ணீர் மிஞ்சும். பெரும்பாலான பழங்களிலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர். இரண்டையும் ஒட்டவைத்த நொடியிலிருந்து பூச்சு பழத்தின் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அதை முழுவதும் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். கீழே உள்ள வேலையில் பாதி அதற்காகத்தான்.

பழத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கெட்டியான, சாறு சொட்டாத பழம் வேண்டும். ஆப்பிள், நீலகிரியிலிருந்து இறங்கும் நாட்டுப் பேரிக்காய், செங்காயான கொய்யா, பழுக்கத் தொடங்கிய கிளிமூக்கு மாங்காய் ஆகியவை நன்றாக வரும். நேந்திரனுக்கு வேறு முறை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். பூவன், ரஸ்தாளி, பப்பாளி இவற்றை விட்டுவிடுங்கள், சூடான பாகு பட்டதும் குழைந்துவிடும். சாத்துக்குடியை வட்டமாக வெட்டினால் சாறு நிற்காது. தோலை உரித்து, மேல் சவ்வு கிழியாமல் சுளையாகப் பிரித்தால் பாகு அழகாகப் பிடிக்கும். அன்னாசிதான் மிகவும் கஷ்டம். சாறும் அதிகம், புளிப்பும் அதிகம். அந்தப் புளிப்பு பட்ட இடத்தில் பாகின் கெட்டித்தன்மை போய்விடுகிறது. அன்னாசியே வேண்டும் என்றால் பாதி உலர்த்தியபின் செய்யுங்கள்: 5 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, ஓவனில் 70 டிகிரியில் நாலு மணி நேரம், அல்லது வற்றல் போடும் சித்திரை வெயிலில் மெல்லிய துணி மூடி இரண்டு நாள். வளைத்தால் வளையவேண்டும், அழுத்தினால் ஈரம் கசியக்கூடாது.

மற்ற பழங்களை 8 மில்லிமீட்டர் முதல் 1 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். அதற்கும் மெலிந்தால் பாகின் சூட்டில் வெந்து தண்ணீர் விடும். கடை ஆப்பிளின் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள், பூச்சு ஓடு மாதிரி கழன்று விழுவது பெரும்பாலும் அதனால்தான். வெந்நீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். கறுக்காமலிருக்க அரை லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் போதும். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழ் முக்கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு உலர விடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே வெட்டி முக்காதீர்கள், அதன்மேல் வியர்க்கும் நீர்த்துளிகளே பூச்சுக்குள் குமிழிகளாக நிற்கும்.

பாகுக்கு 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 70 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி திரவ குளுக்கோஸ். குளுக்கோஸ் இல்லாவிட்டால் கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. பதினைந்து, இருபது துண்டுக்கு வரும். கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும், ஆழம் இல்லாவிட்டால் முக்க முடியாது. அகலம் குறைந்த, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்பு வடச்சட்டி வேண்டாம். உள்ளே கறுப்பாக இருப்பதால் பாகின் நிறம் தெரியாது, அடுப்பை அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு பாகைக் கருக்கிவிடும்.

சர்க்கரை கரையும்வரை மட்டும் கலக்குங்கள். கொதி வந்தபின் கரண்டியை உள்ளே விடக்கூடாது. பாகு பூப்பது இங்கேதான் தொடங்குகிறது. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்துக் காய்ந்த ஒரு சர்க்கரைப் படிகம் உள்ளே விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் மணல்மணலாகிவிடும். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடிவைத்தால் ஆவியே ஓரத்தைக் கழுவிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு மிதமான தீயில் விடுங்கள். குளுக்கோஸோ எலுமிச்சையோ சேர்ப்பதும் படிகம் கூடாமலிருக்கத்தான். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது, அவை இடையில் புகுந்தால் படிகம் சேராது. ஆனால் ஃபிரக்டோஸுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. 'பூக்கக்கூடாது' என்று அரை எலுமிச்சையைப் பிழிகிறவர்களுக்குப் பாகு பூக்காது, பிசுபிசுக்கும். உங்களுடைய இரண்டாவது தடவைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பூத்துவிட்டால் கொட்ட வேண்டாம். 60 மில்லி தண்ணீர் ஊற்றி முழுவதும் கரைத்து மறுபடி காய்ச்சுங்கள்.

பதம் பார்க்க, பாகுக்கான தெர்மாமீட்டர் இருந்தால் வேலை சுலபம். முதலில் அதைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் 98.5 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டினால் கருவி சரி. பாகு 150-ஐத் தொட்டால் கண்ணாடி மாதிரி உடையும் பதம், நிறம் இருக்காது. 160-இல் வைக்கோல் நிறம், 165 முதல் 170-க்குள் தேன் நிறம், கேரமல் வாசனை. 180-ஐத் தாண்டினால் கசப்பு. பூச்சுக்கு 165-இல் இறக்குங்கள், பாத்திரத்தின் சூட்டில் தானே இன்னும் நாலைந்து டிகிரி ஏறும். இறக்கியதும் பாத்திரத்தின் அடியைத் தண்ணீர் உள்ள தட்டில் மூன்று நொடி வைத்து எடுத்தால் ஏறுவது நிற்கும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கடலை உருண்டைக்குப் பார்க்கிற மாதிரி ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிய வேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் 140-ஐக்கூடத் தாண்டியிருக்காது. அந்தப் பாகில் முக்கியது எந்த ஊரிலும் பிசுபிசுக்கும்.

ஊட்டியிலோ குன்னூரிலோ உறவினர் வீட்டில் செய்தால் ஒரு மாற்றம். ஊட்டியில் தண்ணீர் 93-க்குள் கொதித்துவிடுவதால் 'உடையும் பதம்' 143 அளவிலேயே வந்துவிடும். நிறத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, தேன் நிறம் அங்கேயும் 165-க்கு மேல்தான்.

துண்டுகளை ஈர்க்குச்சியிலோ முள்கரண்டியிலோ குத்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து, ஒரு சுற்று சுற்றி எடுத்து, மிஞ்சிய பாகை விளிம்பில் வழித்துவிட்டு, நெய் தடவிய பட்டர் பேப்பரில் வையுங்கள். பூச்சு மெல்லியதாக இருப்பதுதான் லட்சணம், தடித்தால் பல்லுக்குத்தான் கேடு. பாதியில் பாகு கெட்டிப்பட்டால் சிறு தீயில் முப்பது நொடி வைத்தால் இளகும். இரண்டு தடவைக்கு மேல் சூடேற்றினால் நிறம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் ஒரு குண்டான் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். இந்தச் சூட்டில் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீர்க் காயத்தைவிட மோசம். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். குழந்தைகளை முக்க விடாதீர்கள்.

இனி மூலிகை. பாகில் இலையைப் போட்டுக் காய்ச்சுவது வீண் வேலை. துளசி, புதினாவின் மணம் எல்லாம் ஆவியாகிற எண்ணெய்கள். பாகு 110 டிகிரி வருவதற்குள்ளேயே நீராவியோடு சேர்ந்து வீட்டை மணக்கவைத்துவிட்டுப் போய்விடும். மிஞ்சும் இலை 160-இல் கருகும், கசப்பு அதிலிருந்துதான். ஈரமான இலையைச் சூடான பாகில் போட்டால் தெறிக்கவும் செய்யும். மணத்தைக் கொண்டுவர இரண்டு நல்ல வழிகள் உண்டு.

முதலாவது, தூவுவது. துளசியை நிழலில் மூன்று நாலு நாள் காயவைத்து, நொறுக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். கால் டீஸ்பூன் தூளுக்கு இரண்டு சிட்டிகை உப்பு. பாகிலிருந்து எடுத்த துண்டு கெட்டியாக எட்டுப் பத்து நொடிதான் ஆகும், அதற்குள் தூவ வேண்டும். ஆகவே ஒருவர் முக்க, இன்னொருவர் தூவுவது நல்லது. ஆப்பிளுக்கும் கொய்யாவுக்கும் துளசி நன்றாகச் சேரும், ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் கூடினால் இன்னும் நல்லது. புதினாவை இதைவிடத் தாமதமாக, பூச்சு ஆறியபின் சர்க்கரைப் பொடியில் கலந்து தூவுங்கள். சூடு பட்டால் அதன் பச்சை போய் வைக்கோல் வாசனை வந்துவிடும்.

இரண்டாவது, நெய்யில் இறக்குவது. இந்த எண்ணெய்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும். இரண்டு மேசைக்கரண்டி நெய்யை விரல் பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே வைத்து, ஈரமில்லாத இலைகளைக் கசக்கிப் போட்டு, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். நீலகிரியில் விளையும் ரோஸ்மேரி, தைம் இரண்டும் கோவை சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும், இந்த முறைக்கு அவைதான் முதல் தரம். ரோஸ்மேரி ஒரு விரல்நீளக் கொத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் தைலம் தடவியது மாதிரி இருக்கும். கற்பூரவல்லி இலையும் (வாழைப்பழத்தைச் சொல்லவில்லை) நெய்யில்தான் சரிவரும். தடித்த, நீர் நிறைந்த இலை, உலர்த்தித் தூளாக்க நாளாகும். இரண்டே இலை போதும், அன்னாசிக்கு நல்ல துணை. இந்த நெய்யை முக்குகிற பாகில் ஊற்றாதீர்கள், பூச்சு பழத்தில் பிடிக்காமல் வழுக்கும். இது கீழே சொல்கிற வாணலி முறைக்கு. பூக்கடையில் கிடைக்கிற மரிக்கொழுந்தை (தவனம் என்பதும் அதுதான்) மணமாக இருக்கிறதே என்று இதில் இறக்க வேண்டாம், அது தின்பதற்கென்று விளைவித்தது அல்ல.

இந்தப் பகுதிக்குப் பொருத்தமான பழம் என்று என்னைக் கேட்டால் நேந்திரன்தான், மூலிகை என்றால் கறிவேப்பிலை. மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் இரண்டுமே விளைகின்றன. தோல் மஞ்சளாகி, கறுப்புப் புள்ளி விழாத நேந்திரன் இரண்டை, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சாய்வாக வெட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் ஈரமில்லாத கறிவேப்பிலை இரண்டு கொத்தை மொறுமொறுவென்று பொரித்து எடுத்து நொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அகலமான வாணலியில் 100 கிராம் சர்க்கரையை மூன்று தவணையாகத் தூவி, தண்ணீரில்லாமல் உருக்குங்கள். ஒன்று உருகியபின் அடுத்தது. கரண்டி வேண்டாம், வாணலியைச் சுழற்றினால் போதும். தேன் நிறம் வந்ததும் தீயைக் குறைத்து, கறிவேப்பிலை மணம் ஏறிய அந்த நெய்யை ஊற்றி, துண்டுகளை அடுக்குங்கள். உடனே சர்க்கரை கட்டிகட்டியாக இறுகும். கெட்டுவிட்டது என்று அணைத்துவிடாதீர்கள், பழத்தின் ஈரத்தில் இரண்டு நிமிடத்தில் மறுபடி இளகிவிடும். பக்கத்துக்கு மூன்று நிமிடம். கடைசியில் சுக்குத்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, மேலே நொறுக்கிய கறிவேப்பிலை. இது மொறுமொறுப்பாக இருக்காது, பளபளப்பாக, மெல்லக்கூடியதாக இருக்கும். சூடாகச் சாப்பிடவேண்டியது.

நாட்டுச்சர்க்கரை முக்கும் பூச்சுக்கு ஆகாது. கவுந்தப்பாடிச் சர்க்கரை எவ்வளவு தரமாக இருந்தாலும் இதுதான் நிலை. குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்த சர்க்கரையும் தாது உப்புகளும் அதிலேயே இருப்பதால் 150 வருவதற்குள் நுரைத்து அடிபிடிக்கும், ஆறியபின் ஈரத்தை இழுத்து இளகும். வாணலி முறைக்குத் தாராளமாகப் போடலாம்: 100 கிராமை 30 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, உருட்டினால் உருளும் பதம் வரும்போது நேந்திரனைப் போடுங்கள். கனமாக வெட்டிப் பொரித்த நேந்திரன் காயை இதே பாகில் சுக்கோடு புரட்டினால் பாலக்காட்டுப் பக்கத்துச் சர்க்கரை வரட்டி. அது வாரக்கணக்கில் நிற்கும், ஏனென்றால் பொரித்த காயில் ஈரம் இல்லை.

பாதி உலர்த்தாத புதுப் பழத்தில் பூசிய கண்ணாடிப் பூச்சுக்கு ஆயுள் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தபின் முக்குங்கள், வெட்டி உலர்த்துவதை முன்பே முடித்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டி எதிரி, வெளியே எடுத்ததும் வியர்த்து ஒழுகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போதும் ஐப்பசி மழையிலும் அரை மணி நேரம்கூட நிற்காமல் போகலாம். அந்த மாதங்களில் வாணலி முறையே புத்திசாலித்தனம். பாதி உலர்த்திய பழத்தில் பூசியதைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

மிஞ்சிய பாகை நெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆறவிட்டு, துளசித் தூளோடு உரலில் ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொண்டால் பாயசத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் மேலே தூவ ஆகும். பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் எல்லாம் கரைந்துவிடும்.