ஏழு கோள்களும் ஏன் இன்னும் மோதிக்கொள்ளவில்லை?

கேள்வி: சூரியன் அல்லாத பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் பாதைகள் பல கோடி ஆண்டுகளுக்கு நிலையாக இருக்கும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள்? அவற்றைக் கண்டுபிடிக்கத் தொடங்கியே முப்பது ஆண்டுகள்தானே ஆகின்றன?

நான் வானியல் ஆய்வாளன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இந்தக் கணக்குகளைப் பொழுதுபோக்காகச் சில ஆண்டுகளாகப் போட்டுப் பார்ப்பவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஒரு கோள் தொகுதியின் பாதைகள் என்றென்றும் நிலையாக இருக்கும் என்று யாரும் உறுதி கூறுவதில்லை. நம் சூரியக் குடும்பத்துக்கே அப்படி ஓர் உறுதியைத் தர முடியாது. 1889இல் சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் பெயரால் அறிவிக்கப்பட்ட பரிசை வென்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அன்றி புவான்காரே, அச்சாகிக்கொண்டிருந்த தம் கட்டுரையில் ஒரு பெரும் பிழை இருப்பதைக் கண்டு, பரிசுத் தொகையைவிட அதிகமாகத் தம் கையிலிருந்து செலவழித்து அதை மறுபடியும் அச்சிட வேண்டியிருந்தது. அந்தத் திருத்தத்தில்தான், மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு இயங்கினாலே அவற்றின் போக்கு கட்டுக்கடங்காமல் சிக்கலாகிவிடக்கூடும் என்ற உண்மை வெளிப்பட்டது. இன்று நாம் கேயாஸ் என்று அழைப்பது இதைத்தான். நூறு ஆண்டுகள் கழித்து, 1989இல், பிரெஞ்சு வானியலாளர் ழாக் லாஸ்கர் இதற்கு ஓர் அளவையும் தந்தார்: பூமியின் இன்றைய இடத்தைக் குறிப்பதில் 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டில் அது 150 மீட்டர் ஆகும், பத்துக் கோடி ஆண்டில் 15 கோடி கிலோமீட்டர் ஆகிவிடும். 15 கோடி கிலோமீட்டர் என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். அதாவது, பத்துக் கோடி ஆண்டு கழித்துப் பூமி தன் பாதையில் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பாதையிலேயே இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு நிகழ்தகவாகப் பதில் சொல்லலாம். 2009இல் லாஸ்கரும் கஸ்தினோவும் புதனின் தொடக்க நிலையை மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிகளில் மாற்றி மாற்றி 2,501 முறை, 500 கோடி ஆண்டுகளுக்குக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் புதனின் பாதை ஆபத்தான அளவுக்கு நீண்டுபோனது. மற்றவற்றில் ஒன்றும் நேரவில்லை.

இனி பிற விண்மீன்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் பேசப் புகுந்தால் ஒன்றும் தெளிவாகாது என்பதால், எனக்கு நன்கு பழக்கமான டிராப்பிஸ்ட்-1 தொகுதியை எடுத்துக்கொள்கிறேன். கும்பம் விண்மீன் கூட்டத்தில், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இந்த மங்கலான செங்குறுமீனின் நிறை சூரியனின் நிறையில் பதினொன்றில் ஒரு பங்குதான். அதைப் பூமியை ஒத்த அளவுள்ள ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று மிக்கேல் கியோன் தலைமையிலான குழு 2017 பிப்ரவரியில் அறிவித்தது. ஏழும் புதனின் பாதைக்குள், அதிலும் ஆறில் ஒரு பங்கு தூரத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. உள்ளிருந்து ஐந்தாவது கோளுக்கும் ஆறாவது கோளுக்கும் இடையிலான பாதை இடைவெளி சுமார் 12.5 லட்சம் கிலோமீட்டர், அதாவது நமக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே அதிகம். அந்த ஐந்தாவது கோளில் நின்று பார்த்தால், அடுத்த கோள் மிக அருகில் கடந்து செல்லும்போது நம் முழு நிலவைவிடப் பெரிதாகத் தெரியும். இவ்வளவு நெருங்கிக் கடக்கும் பூமியளவுக் கோள்கள் ஒன்றையொன்று இழுக்காமல் இருக்குமா? இழுக்கத்தான் செய்கின்றன. அந்த இழுவையால் ஒவ்வொரு கோளும் விண்மீனின் முகப்பைக் கடக்கும் நேரம் பல நிமிடங்கள் முன்பின்னாகிறது. அந்தத் தாமதங்களை அளந்துதான் இக்கோள்களின் நிறையையே கணக்கிட்டார்கள்.

இதில் வயதுக் கணக்கு ஒன்று உண்டு; பலரும் இதைக் கவனிப்பதில்லை. பாதை நிலைத்தன்மையை ஆண்டுகளால் அளப்பதைவிட, கோள் சுற்றிய சுற்றுகளால் அளப்பதே பொருத்தம். பூமி பிறந்ததிலிருந்து சுமார் 460 கோடி முறை சூரியனைச் சுற்றியிருக்கிறது. டிராப்பிஸ்ட்-1இன் முதல் கோளுக்கு ஓர் ‘ஆண்டு’ சுமார் 36 மணி நேரமே என்பதால், அதே எண்ணிக்கையை அது இரண்டு கோடி ஆண்டுக்குள் முடித்துவிடும். விண்மீனின் வயதோ சுமார் 760 கோடி ஆண்டு என மதிப்பிடப்பட்டிருக்கிறது. கூடுதலாகவோ குறைவாகவோ 220 கோடி ஆண்டு இருக்கலாம். ஆக, சுற்றுகளால் எண்ணினால், நம் சூரியக் குடும்பத்தைவிடப் பல நூறு மடங்கு முதிர்ந்த தொகுதி அது.

இந்த இடத்தில்தான் ஒரு சங்கடம் எழுந்தது. 2017இல் அளந்த நிறைகளையும் பாதைகளையும், அவற்றின் பிழை எல்லைகளோடு கணினியில் கொடுத்து ஓடவிட்டபோது, பெரும்பாலான ஓட்டங்கள் ஐந்து லட்சம் ஆண்டு தாண்டுவதற்குள் குலைந்துபோயின. 760 கோடி ஆண்டு வாழ்ந்த ஒன்று ஐந்து லட்சம் ஆண்டில் சிதறும் என்று கணக்கு சொன்னால், கணக்குக்குள் கொடுத்த ஏதோ ஒன்றுதான் தவறு.

நானும் அந்தத் தவறைச் செய்து பார்த்தவன்தான். ரீபவுண்ட் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது; பைத்தானில் இருபது வரி எழுதினால் ஒரு கோள் தொகுதியை ஓடவிடலாம். முதல் முயற்சியில் ஏழு கோள்களின் சுற்றுக்காலங்களையும் சரியாகக் கொடுத்துவிட்டு, மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீள்வட்டமாகிறது என்பதன் அளவு) ஒவ்வொன்றுக்கும் 0.1 என்று அலட்சியமாக இட்டேன். தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் ஐந்தாவது கோளும் ஆறாவது கோளும் மோதும் தூரத்துக்கு வந்துவிட்டன. பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தால் வெட்கமாக இருந்தது: 0.1 என்றால் ஐந்தாவது கோள் வெளியே போகும் எல்லை, ஆறாவது கோள் உள்ளே வரும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கணினியே தேவையில்லை, பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். உண்மையில் அந்தக் கோள்களின் மையத்தொலைத்தகவு 0.01ஐவிடக் குறைவு. அடுத்த முறை அதைத் திருத்தி, இரவு படுக்கும் முன் ஓடவிட்டேன். தொடக்கத்தில் ஒவ்வொரு கோளும் தன் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டேன். காலையில் பார்த்தபோது வரைபடத்தில் நெடுநேரம் அமைதியாக ஓடிய ஏழு கோடுகள், முடிவுக்குச் சற்று முன் கிளைத்துப் பின்னிக் கிடந்தன. குத்துமதிப்பாகக் கொடுத்த அந்த ஒன்றில்தான் விஷயமே இருக்கிறது.

இக்கோள்களின் சுற்றுக்காலங்கள் 1.51, 2.42, 4.05, 6.10, 9.21, 12.35, 18.77 நாள்கள். அடுத்தடுத்த இரண்டை வகுத்துப் பாருங்கள். 8:5, 5:3, 3:2, 3:2, 4:3, 3:2 என்று கிட்டத்தட்ட முழு எண் விகிதங்களாக வரும். இதை ஒத்திசைவு என்கிறோம். ஏழாவது கோள் 2017 பிப்ரவரியில் ஒரே ஒரு முறைதான் விண்மீனைக் கடந்து காட்டியிருந்தது. அதன் காலம் தெரியாது. இந்த விகிதச் சங்கிலி தொடருமானால் 18.77 நாளாக இருக்கலாம் என்று எதிர்பார்த்து, கெப்லர் தொலைநோக்கியின் பிற்காலத் தரவில் தேடியபோது, அதே கால இடைவெளியில் கோள் கிடைத்தது.

முழு எண் விகிதம் ஏன் காப்பாற்ற வேண்டும்? நம் புளூட்டோவைப் பாருங்கள். அதன் பாதை நெப்டியூனின் பாதையை உட்புறமாக எட்டிப் பார்க்கும் அளவுக்கு நீண்டது. ஆனாலும் இரண்டும் நெருங்குவதே இல்லை. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. நெப்டியூன் அதை முந்திச் செல்லும் ஒவ்வொரு முறையும் புளூட்டோ சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பகுதியிலேயே இருக்கிறது. இந்த ஒழுங்கு சற்றுப் பிசகினால், நெப்டியூனின் இழுவையே அதை மெல்லத் திருப்பித் தள்ளுகிறது. சுமார் இருபதாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை ஊஞ்சல்போல் அது முன்னும் பின்னும் அசைகிறது. டிராப்பிஸ்ட்-1இல் நடப்பதும் இதே வகைதான், ஏழு கோள்கள் கைகோத்த அளவில். அதே ஒத்திசைவு கெடுக்கவும் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள குறுங்கோள் பட்டையில், வியாழன் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று சுற்று சுற்றும் தூரத்தில் குறுங்கோள்களே அநேகமாக இல்லை. எந்த இடத்தில் சந்திக்கின்றன, அதாவது ஒன்று மற்றதை எந்த இடத்தில் முந்திச் செல்கிறது என்பதைப் பொறுத்தே காப்பதும் கெடுப்பதும் அமைகின்றன. நான் அன்று இரவு செய்த பிழை அதுதான்: விகிதம் சரி, சந்திக்கும் இடம் தவறு.

டேனியல் டமாயோ, ஹான்னோ ரைன் ஆகிய ஆய்வாளர்களும் மேலும் இருவரும் 2017இலேயே இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். அளவீடுகளிலிருந்து கண்மூடித்தனமாகத் தொடக்க நிலைகளை எடுப்பதற்குப் பதிலாக, கோள்கள் பிறந்த வாயுத் தட்டிலிருந்தே அவர்கள் தொடங்கினார்கள். அந்தத் தட்டில் கோள்கள் மெல்ல உள்நோக்கி நகர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒத்திசைவில் சிக்கிக்கொள்ளும்படி விட்டு, பிறகு வாயுவை நீக்கினார்கள். அப்படி உருவான தொகுதிகளில் பெரும்பாலானவை குறைந்தது ஐந்து கோடி ஆண்டு, அதாவது ஆயிரம் கோடிச் சுற்றுகள், குலையாமல் ஓடின. முந்தைய கணக்கைவிட நூறு மடங்கு. இருந்தாலும் அந்த ஐந்து கோடி ஆண்டு, விண்மீனின் வயதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். எஞ்சிய காலத்துக்கு நம்மிடம் இருக்கும் சான்று, அந்தக் கோள்கள் இன்றும் அங்கே இருக்கின்றன என்பது மட்டுமே. என் பார்வையில் அது கணினிச் சான்றைவிட வலுவானது. நாம் முப்பது ஆண்டு கவனித்தோமா, மூவாயிரம் ஆண்டு கவனித்தோமா என்பது இங்கே பெரிதில்லை. அந்தத் தொகுதி தன்னைத்தானே 760 கோடி ஆண்டு சோதித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே இத்துறையில் நிலைத்தன்மைக் கணக்கு பெரும்பாலும் எதிர்காலத்தைச் சொல்லப் பயன்படுவதில்லை, சல்லடையாகவே பயன்படுகிறது. எச்ஆர் 8799 என்ற இளம் விண்மீனைச் சுற்றும் நான்கு ராட்சதக் கோள்களை 2008லும் 2010லும் நேரடியாகப் படமெடுத்தார்கள். ஒவ்வொன்றும் வியாழனைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நிறை கொண்டது. அவ்வளவு நிறையுள்ள கோள்களை எந்தப் பாதையிலும் வைக்கலாம் என்று விட்டால், சில கோடி ஆண்டே ஆன அத்தொகுதி அந்த வயதுக்குள்ளேயே சிதறியிருக்கும். சுற்றுக்காலங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இரு மடங்காக ஒத்திசைந்தால்தான் பிழைக்கிறது. எனவே பாதை எப்படிப்பட்டது, நிறை எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்ற இரண்டுமே ஒரே சல்லடையில் கிடைத்தன. எச்யூ அக்வாரி என்ற இரட்டை விண்மீனுக்கு 2011இல் அறிவிக்கப்பட்ட இரண்டு கோள்களுக்கு இந்தச் சல்லடை கருணை காட்டவில்லை. அறிவிக்கப்பட்ட பாதைகளில் அவை பத்தாயிரம் ஆண்டுகூடத் தாங்காது என்று ஜான்டி ஹார்னரும் உடனிருந்தோரும் அதே ஆண்டில் காட்டினார்கள். அந்த இரு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கும் நேரங்களில் கண்ட மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அல்லது பாதைகள் வேறாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

கேயாஸ் என்றால் சிதறல் என்று நினைத்துவிடவும் கூடாது. கெப்லர்-36 என்ற விண்மீனின் இரு கோள்கள் 13.8 நாளிலும் 16.2 நாளிலும் சுற்றுகின்றன. பாதைகளின் ஆரங்களில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடுதான். அவற்றின் துல்லியமான இடத்தைச் சில பத்தாண்டுகளுக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல முடியாத அளவுக்கு அவற்றின் இயக்கம் கேயாஸ் நிறைந்தது. ஆனால் பாதைகள் ஒன்றையொன்று வெட்டாமல் நெடுங்காலம் தொடர முடியும். இரண்டே கோள்கள் என்றால், அவற்றின் இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒருபோதும் நெருங்க முடியாது என்று கணிதமாகவே நிறுவலாம். மூன்றாவது கோள் வந்துவிட்டால் அந்த உறுதி போய்விடுகிறது. இடைவெளி கூடக்கூட ஆயுள் மிக வேகமாகக் கூடுகிறது என்று மட்டும் சொல்லலாம்.

குலைந்தவை எத்தனை என்பதற்கும் மறைமுகச் சான்று உண்டு. பத்துக் கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதுள்ள தொகுதிகளில் நெருங்கிய கோள்கள் பெரும்பாலும் ஒத்திசைவுக்கு அருகில் இருக்கின்றன என்றும், வயதான தொகுதிகளில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றும் ஃபை டாய் தலைமையிலான குழு 2024இல் காட்டியது. பிறக்கும்போது பல தொகுதிகள் டிராப்பிஸ்ட்-1 போலச் சங்கிலியாகப் பிறந்து, வளர்கையில் சங்கிலி அறுந்துபோகின்றன என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. அறுந்தபின் என்ன ஆகும் என்பது இடத்தைப் பொறுத்தது. விண்மீனை ஒட்டியுள்ள சிறு கோள்கள் நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், ஒன்றின் ஈர்ப்பால் மற்றொன்றைத் தொகுதிக்கு வெளியே எறிய முடியாது. அவை மோதி ஒன்றாகின்றன. எச்ஆர் 8799 போல வெகு தூரத்தில் மெதுவாகச் சுற்றும் ராட்சதக் கோள்கள் குலைந்தால், ஏதாவது ஒன்று விண்மீனை விட்டே வெளியேற்றப்படுவதற்கான வாய்ப்பு அதிகம்.

நீங்களே ஓட்டிப் பார்க்க விரும்பினால் ஓர் அறிவுரை: கணக்கின் காலப் படியை (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை) எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் கோளின் சுற்றுக்காலத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள். டிராப்பிஸ்ட்-1க்கு அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதைவிடப் பெரிதாக வைத்தால் கோள்கள் சிதறுவது போலத் தோன்றும். சிதறியது உங்கள் கணக்காக இருக்கலாம்.